அரிதாரமும் கறுத்தப் பொட்டும்

நடிப்பதற்குத் தமிழில் 'அரிதாரம் பூசுதல்' என்றொரு வழக்கு உண்டு. நடிகர் ஒருவர் மேடையை விட்டு ஒதுங்கினால் அரிதாரத்தைக் கலைத்துவிட்டார் என்கிறோம். அரசியல்வாதி ஒருவர் உள்ளொன்றும் புறமொன்றுமாக நடந்தால் அரிதாரம் பூசுகிறார் என்று பத்திரிகையில் எழுதுகிறோம். அரிதாரம் என்றால் என்னவென்று என் மாணவர்களிடம் கேட்டால் 'மேக்கப், சேர்' என்ற விடைதான் வருகிறது. உண்மையில் அது ஒரு கல். மஞ்சள் நிறமானது; தகடு தகடாகப் பிரிவது; வெளிச்சம் பட்டால் பொன்போல் மினுங்குவது. வடமொழியில் ஹரிதாளம் என்பர். இலத்தீனில் அதற்கு வழங்கும் பெயருக்குப் பொன் வண்ணம் என்றே பொருள். நம் சித்த மருத்துவ நூல்கள் அதனைத் தாளகம் என்றும் பெயரிட்டுப் பாடாணங்களின் வரிசையில் வைத்துள்ளன. பாடாணம் என்பது நஞ்சு. விஞ்ஞான ஆசிரியரைக் கேட்டால் ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த சேர்வை என்பார்.

இந்தக் கல்லைப் பொடியாக்கி மனித முகத்திற் பூசினார்கள். பெரியவர்களின் முகத்தில் மட்டுமன்றிச் சிறு பிள்ளைகளின் முகத்திலும் பூசினார்கள். இன்றைய பேச்சு அந்தப் பிள்ளைகளைப் பற்றியது.

பிறந்தநாள் விழாக்களிலும், ஒக்டோபர் முதலாந் திகதி வரும் சிறுவர் தின விழாக்களிலும், முன்பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் பிள்ளைகளின் முகத்தில் வண்ணம் தீட்டுவது இப்போது நம்மிடையே பரவியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சி, இன்னொன்றுக்குப் பூனை மீசை, மற்றொன்றுக்கு முயல். 'உது வெளிநாட்டுச் சரக்கு' என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். வண்ணப் பெட்டி வெளிநாட்டிலிருந்து வந்ததென்பது சரி. பிள்ளையின் முகத்தில் எழுதும் வழக்கமும் அப்படித்தான் வந்ததென்று சொன்னால் தமிழ் படித்தவன் என்ற முறையில் நான் உடன்படமாட்டேன்.

என் தாய்வழி ஊர் நயினாதீவு. குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறினால் சிறிது நேரத்தில் கோபுரம் தெரியும். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவேயென்பது பலர் கொண்ட கருத்து. நாகபூஷணி அம்மன் கோயிலுக்கு வருவோருக்குச் சோறிடும் மடத்திற்கு அமுதசுரபி என்று பெயரிட்டிருப்பதும் அந்த நம்பிக்கையால்தான். மாற்றுக் கருத்து உடையோரும் உண்டு. அந்த வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. எனக்கு வேண்டியது மணிமேகலை மணிபல்லவத்துக்கு வந்து சேருமுன் புகார் நகரத் தெருவில் நடந்து போகும் இடம். மலர்வனம் புக்க காதையில் அது வருகிறது.

அந்தத் தெருவிலே சாத்தனார் நமக்குப் பல காட்சிகளைக் காட்டுகிறார். அவற்றுள் இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பேடிக் கோலம் பூண்ட ஒருவன் ஆடும் கூத்து. தாடியும் உண்டு, மலர் சூடிய கூந்தலும் உண்டு, பவளம் போன்ற உதடும் உண்டு. ஊர் கூடி நின்று பார்க்கிறது. மற்றது, இன்னும் நடை பழகாத குழந்தைகள். கழுத்தில் ஐம்படைத்தாலி, காலில் கிண்கிணி. மழலையோடு வாயிலிருந்து வடியும் நீர் அந்தத் தாலியை நனைக்கிறது. பெண்கள் சிலர் அந்தக் குழந்தைகளைத் தேர்மேல் நிற்கும் யானையிலே தூக்கி வைத்து, முருகனுக்கு விழா எடுத்தாயிற்று, வந்து பாருங்கள் என்கிறார்கள். பிள்ளையைத் தெய்வமாகக் கோலம் செய்து தெருவில் வைத்து மகிழும் காட்சி இது. நம் பாடசாலைகளின் விநோத உடைப் போட்டியிலே வேலும் மயிற்பீலியுமாக ஒரு பாலமுருகன் நடுங்கிக்கொண்டு வந்து நிற்பானே, அவனுடைய மூத்த அண்ணன் இந்தப் புகார்க் குழந்தை.

கூத்தனுடைய கோலமும் குழந்தையினுடைய கோலமும் ஒரே தெருவில் இருந்தன. ஆனால் இரண்டையும் செய்த கைகள் வேறு. குழந்தையைத் தாய்மார் கோலம் செய்தார்கள். கூத்தனைக் கூத்தர் செய்தார்கள். இந்த இரண்டு கைகளும் பிற்காலத்தில் எப்படிப் பிரிந்தே நின்றன, எப்போது ஒன்று சேர்ந்தன என்பதுதான் எனக்குச் சுவையான வரலாறாகப் படுகிறது. (பழந்தமிழ்ப் பெண்களின் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் எழுதிய தொய்யிலைப் பற்றிச் சொல்ல மறந்தேன் என்று யாரும் கடிதம் எழுத வேண்டாம். அது காதலர் விவகாரம். பிள்ளைகளிடம் அதற்கு இடமில்லை.)

முதலில் தாயின் கையைப் பார்ப்போம்.

எங்கள் பகுதியில் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிக்கும்போது தலைமயிர் வழித்துத் தோயவார்த்துப் பொட்டு வைப்பார்கள். அந்தப் பொட்டுக் கடையில் வாங்கியதாக இருந்ததில்லை. என் ஆச்சி நயினாதீவில் அதைக் காய்ச்சியதை நான் பார்த்திருக்கிறேன். சவ்வரிசியை இரும்புச் சட்டியிலிட்டு வறுப்பார். பொன்னிறமாகி, மண்ணிறமாகி, பிறகு கரியாகிப் புகை வரும். அப்போது தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து வற்றக் காய்ச்சினால் கன்னங்கரிய பாகு கிடைக்கும். அதைச் சுத்தம் செய்த சிரட்டையில் ஊற்றி வெயிலில் காயவைப்பார். பல மாதங்களுக்குக் கெடாது. வேண்டியபோது ஒரு துளி நீர் விட்டு விரலால் உரைத்தால் போதும். நெற்றியில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, சில வேளை உள்ளங்காலிலும் ஒன்று.

'ஏன் ஆச்சி கன்னத்தில உவ்வளவு பெரிசா?' என்று கேட்டேன்.

'பிள்ளை வடிவெண்டு ஆரும் பாத்துப்போடக் கூடாது, அதுதான்' என்றார்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. உலகில் முகத்துக்கு வண்ணம் பூசுவோர் பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணைக் கவரவே பூசுகிறார்கள். கறுத்தப் பொட்டு அதற்கு நேர் எதிரானது. கண்ணூறு படாமல் இருக்கப் பிள்ளையின் அழகில் ஒரு குறையை வேண்டுமென்றே எழுதி, பார்ப்பவர் கண்ணை அந்தக் குறையிலே நிறுத்தி, பிள்ளையை அதன் பின்னால் ஒளித்து வைக்கிறாள் தாய். குழந்தைச் சாவு வீட்டுக்கு வீடு நிகழ்ந்த காலத்தில் அது விளையாட்டாக இருந்திருக்க முடியாது. கண்ணூறு உண்டா இல்லையா என்ற வாதம் ஒருபுறம் கிடக்கட்டும்; கரிந்த மாவும் நீரும் பிள்ளையின் தோலுக்கு ஒரு தீங்கும் செய்வதில்லை. ஆச்சிமார் நூல் படித்து அதைத் தெரிந்தெடுக்கவில்லை. பிள்ளை கையால் தேய்த்து வாயில் வைக்கும் என்பது மட்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டு மருந்து, வீட்டு வண்ணம் எல்லாமே தீங்கற்றவை என்று சொல்ல நான் வரவில்லை. விளக்குப் புகையிற் பிடித்த மை ஒன்று. அஞ்சனக் கல்லை அரைத்துச் செய்யும் மை வேறொன்று. சுர்மா என்று விற்கப்படும் கண்மைகள் பலவற்றில் ஈயக் கனிமம் உண்டு. அதனால் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியதை மருத்துவர்கள் பல நாடுகளிற் பதிந்திருக்கிறார்கள். குங்குமமும் அப்படித்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமத்தால் பயமில்லை. ஆனால் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கும் இந்தியாவிலும் கடைகளில் வாங்கிய 118 செந்தூர மாதிரிகளைச் சோதித்து 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. சிரட்டையில் இருந்தவரை நாம் அறிந்த பொருளாக இருந்தது. சிமிழில் அடைத்துக் கடைக்குப் போனபின் அது என்னவென்று நமக்குத் தெரியாமற் போய்விட்டது.

இனிக் கூத்தரின் கை.

பரத முனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் ஆகார்ய அபிநயம் என்ற பகுதியிலே வேட ஒப்பனையை விரிவாகப் பேசுகிறது. வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்ற மூல வண்ணங்களையும் அவற்றைக் கலக்கும் முறையையும், எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம் என்பதையும் அது சொல்கிறது. கேரளத்துக் கதகளியில் பச்சை வேடம், கத்தி வேடம் என்ற பாகுபாடே முக வண்ணத்தால் அமைந்தது. நம் நாட்டுக்கூத்துக்கு அவ்வளவு இலக்கணம் இல்லை. ஆனால் காரணம் ஒன்றுதான். வட்டக்களரியைச் சுற்றி நான்கு பந்தம் எரியும். அந்த மங்கல் ஒளியில் இருபது முழத்துக்கு அப்பாலிருந்து பார்ப்பவனுக்கு அரசன் முகம் அரசன் முகமாகத் தெரிய வேண்டும். ஆகவே மினுங்கும் மஞ்சள் வேண்டும், அரிதாரம் வந்தது. வெள்ளைக்கு முத்துவெள்ளை, சிவப்புக்குச் சாதிலிங்கம், கறுப்புக்குக் கரி, பளபளப்புக்குக் காக்காய்ப்பொன். தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். விடிந்தபின் தேங்காயெண்ணெய் போட்டே துடைத்தார்கள். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. அரிதாரம் எதுவென்று முன்னரே சொன்னேன்.

இந்த வண்ணம் எந்தப் பிள்ளையின் முகத்தில் ஏறியது? யாழ்ப்பாணத்தில் முத்துமாரியம்மனுக்கு நேர்த்தியாக ஆடப்படும் காத்தவராயன் கூத்தை நினைத்துப் பாருங்கள். சிறு வயதுக் காத்தவராயனாக ஒரு சிறுவன் வருவான். காத்தவராயன் வளர்ந்ததும் அந்த வேடத்தை வேறொருவர் ஏற்பார். விடிய விடிய நடக்கும் கூத்திலே நித்திரை கண்ணைச் சுழற்ற அந்தச் சிறுவன் துள்ளி ஆடுவதைப் பார்த்துத் தாய்மார் கண்ணீர் விடுவார்கள். இசை நாடகத்திலோ அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன். காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயானத்தில் நின்று பாடிய நாடகத்துக்கு, பாம்பு தீண்டி இறந்த ஒரு பிள்ளையின் முகந்தான் அச்சாணி.

தமிழகத்திற் பிள்ளைகள் மட்டுமே நடித்த கம்பனிகள் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிலே தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. எம். ஜி. இராமச்சந்திரனும் ஒரு பாய்ஸ் கம்பனியில் வளர்ந்தவரே. இரவுக்கு இரவு வண்ணம் ஏறி இறங்கிய முகங்கள் அவை. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்ற தன்வரலாற்றில் அந்த வாழ்வை எழுதியிருக்கிறார். மேடைக்குப் பின்னால் ஒரு பிள்ளையின் நாள் எப்படிக் கழிந்தது என்று அறிய விரும்புவோர் தேடிப் படிக்கலாம்.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து நல்ல குடும்பம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட வீடு, தன் பிள்ளையின் முகத்தில் அரிதாரம் படுவதைப் பொறுக்காது. 'கூத்தாடி' என்பது வசைச்சொல். கலையரசு சொர்ணலிங்கம் 1913 இல் இலங்கா சுபோத விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்களும் உத்தியோகத்தரும் முகத்துக்கு வண்ணம் பூசி மேடையேறலாம் என்று காட்டவேண்டியிருந்தது. இதை வெறும் கௌரவப் பிரச்சினையாக எழுதிவிட்டு நகர்வது எனக்குச் சம்மதமில்லை. இசை நாடகத்தையும் கூத்தையும் இங்கு உயிரோடு வைத்திருந்த கலைஞர்களிற் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அவர்கள் குழைத்த வண்ணம், அவர்கள் விரலால், தம் பிள்ளையின் கன்னத்திற் படுவதா என்ற எண்ணமும் அந்த வசைச்சொல்லுக்குள் இருந்தது. நஞ்சு என்று தெரிந்து யாரும் விலக்கவில்லை. அரிதாரத்தின் உண்மையான தீமை அதைப் பூசி வாழ்ந்தவர் உடம்போடு போயிற்று. பூசாதவர் அஞ்சியது வேறொன்றுக்கு.

அந்த உண்மையான தீமையை உலகம் எப்படி அறிந்தது என்பதற்கு யப்பான் நல்ல உதாரணம். அங்கே கபுகி நடிகர்கள் முகம், கழுத்தெல்லாம் ஈய வெள்ளை பூசுவர். 1887 இல் மெய்ஜி சக்கரவர்த்தியின் முன்னிலையில் நடந்த ஆட்டத்தில் நான்காம் நக்கமுரா புக்குசுக்கே என்ற புகழ்பெற்ற நடிகரின் கால்கள் நடுங்கின. ஈயம் உடம்பில் ஊறியதன் விளைவு அது என்று பின்னர் பேசப்பட்டது. நடிகரைப் பற்றிய செய்தியாக அது பரவியது. ஆனால் பெரிய அநியாயம் வீடுகளில் நடந்துகொண்டிருந்தது. தாய்மாரும் அதே வெள்ளையைப் பூசினார்கள். மார்பிலும் கழுத்திலும் பூசியிருக்கப் பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். மூளைக் காய்ச்சல் போன்ற ஒரு நோயால் கைக்குழந்தைகள் இறந்தன. காரணம் எவருக்கும் விளங்கவில்லை. 1923 இல்தான் கியோத்தோவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹிராய் அது ஈய நஞ்சு என்று நிறுவினார். நடிகருக்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே கிடைத்த கவனம் குழந்தைகளுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

ஐரோப்பாவில் 1873 இல் லூட்விக் லைக்னர் என்ற ஜெர்மானிய ஒப்பராப் பாடகர் ஈயம் கலவாத, கொழுப்பிற் குழைத்த வண்ணக் குச்சிகளைச் செய்து விற்கத் தொடங்கினார். மேடையில் நின்ற ஒருவரே தன் தோலைக் காக்கச் செய்த காரியம் அது. பிறகு சினிமா வந்தது. அதற்கேற்ற பசைகள் வந்தன. நம் நாடக மேடைகளுக்கும் அவை வந்து சேர்ந்தன. அரிதாரம் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

தாயின் கையும் கூத்தரின் கையும் நம்மிடையே சந்தித்தது பாடசாலை மேடையில் என்பது என் எண்ணம். யாழ்ப்பாணத்தில் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவிய குழந்தை ம. சண்முகலிங்கம், 2025 ஜனவரியில் நம்மை விட்டுப் பிரிந்தவர், சிறுவர் அரங்கு என்ற துறையை இங்கு ஊன்றியவர்களில் முதன்மையானவர். அவருடைய 'கூடி விளையாடு பாப்பா'வும், பேராசிரியர் சி. மௌனகுருவின் 'தப்பி வந்த தாடி ஆடு'ம் பாடசாலைகளிற் பரவியபோது, பிள்ளைகள் அரசர்களாகவும் தெய்வங்களாகவும் மட்டும் வராமல் ஆடாக, முயலாக, பறவையாக வந்தார்கள். பெரியவர் எழுதிய நீண்ட வசனத்தை ஒப்புவிக்கும் சின்னப் பெரியவனாக இருந்த பிள்ளை, மேடையில் பிள்ளையாகவே விளையாடத் தொடங்கிற்று. மூக்கு நுனியில் ஒரு கறுப்பு, இரண்டு பக்கமும் மூன்று கோடு, முயல் ஆயிற்று. எந்த வீட்டுத் தாயும் 'கூத்தாடி' என்று கடிந்ததாக நான் அறியேன். மேடைக்குப் பின்னால் நின்று வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் ஆசிரியைகளும் தாய்மாருமே.

ஒரு விலங்கைப் பற்றி மட்டும் இடையிலே ஒரு வார்த்தை. பிள்ளைகளின் முகத்தில் எழுதும் கோலங்களில் உலகெங்கும் அதிகம் விரும்பப்படுவனவற்றுள் புலியும் ஒன்று. செம்மஞ்சள், கறுப்புக் கோடு, வெள்ளைப் புருவம். திருச்சூரில் ஓணத்தையொட்டிப் புலிக்களி ஆடுவோர் உடம்பு முழுவதும் அதை எழுதுவர். சிறுவரும் அதிற் சேர்வதுண்டு. எனாமல் வர்ணம் பூசி மண்ணெண்ணெயாற் கழுவிய கதைகளும் உண்டு. தஞ்சைப் பக்கத்துப் புலியாட்டமும் புகழ் பெற்றது. நம் பாடசாலை ஆசிரியர்களோ நெடுங்காலம் ஆட்டையும் முயலையும் தாண்டிப் போகவில்லை. 1970களின் நடுப்பகுதியிலிருந்து 2009 மே வரை, அதன் பின்னரும் சில காலம், அந்த விலங்கின் பெயரை இந்த நாட்டில் விலங்கின் பெயராக மட்டும் யாரும் கேட்கவில்லை. சோதனைச் சாவடியைக் கடந்து வீடு போகவேண்டிய பிள்ளையின் முகத்தில் எதை எழுதுவது என்பதை ஓர் ஆசிரியை இரண்டு முறை யோசித்தாள். அந்த யோசனையும் நம் ஒப்பனை வரலாற்றைச் சேர்ந்ததே.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலே, தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு ஆயிரக்கணக்கானோர் நேர்த்தி வைத்து வேடம் பூணுகிறார்கள். காளி, குறவன், குரங்கு, காவல்காரன் என்று என்னென்னவோ வேடங்கள். வேடத்தோடு வீடு வீடாகக் காணிக்கை எடுத்து, விஜயதசமி இரவு கடற்கரையிற் சூரசங்காரம் பார்த்து முடிப்பார்கள். பெற்றோரின் நேர்த்திக்காக வண்ணம் பூசிய பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பிள்ளை அங்கே வழிபாட்டுப் பொருள். காத்தவராயனாக ஆடும் சிறுவனும் அப்படியே. பிறந்தநாள் வீட்டுப் பிள்ளையின் நிலை வேறு. அதற்கு நேர்த்தியும் இல்லை, கண்ணூறும் இல்லை, கதையும் இல்லை. 'உனக்கு என்ன வேணும்?' என்று ஒருவர் அதைக் கேட்கிறார். அது சொல்கிறது. சாத்தனாரின் தெருவில் யானைமேல் ஏற்றப்பட்ட குழந்தையை அப்படி யாரும் கேட்கவில்லை. என்னை மட்டும் கேட்டார்களா? ஐந்து வயதில் எனக்குக் கிருஷ்ணன் வேடம் போட்டார்கள். நான் அனுமான் ஆக விரும்பினேன்.

இந்தப் புதிய வழக்கம் மேல்நாடுகளிற் பரவியது நீரிற் கரையும் வண்ணங்கள் சிறு டப்பிகளில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பின்னரே. கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அது சந்தை விழாக்களுக்கும் பூங்காக்களுக்கும் போயிற்று. ரொறன்ரோவிலும் லண்டனிலும் நம் ஊர்ச் சங்கங்கள் கோடையில் நடத்தும் ஒன்றுகூடல்களில் கொத்துரொட்டிக்கும் கயிறிழுத்தலுக்கும் பக்கத்தில் ஒரு மேசை போட்டு வண்ணம் தீட்டுவார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளோடு வழக்கமும் வந்தது.

வண்ணத்தோடு பழைய கேள்வியும் வந்தது. 2009 இல் அமெரிக்காவில் ஒரு நுகர்வோர் அமைப்பு பிள்ளைகளுக்கான முகவண்ணங்கள் பத்தைச் சோதித்தது. பத்திலும் ஈயம் சிறிதளவேனும் இருந்தது. ஆறில் நிக்கல், கோபால்ட், குரோமியம் ஆகிய உலோகங்களும் இருந்தன; இவை தோல் ஒவ்வாமையைத் தரவல்லவை. அளவு சிறிதுதான். அரிதாரத்தோடும் சாதிலிங்கத்தோடும் ஒப்பிட்டால் அது மலைக்கு முன் மடு. ஆனால் பெட்டியின் மேல் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதே அவர்களின் முறைப்பாடு. கோயில் வீதிகளில் பத்து நிமிடத்தில் கையில் எழுதிவிடும் 'கறுப்பு மருதாணி' இன்னும் மோசமானது. மருதாணி இலை கறுப்பாகப் பிடிப்பதில்லை. அந்தக் கறுப்புக்கு மயிர்ச்சாயத்தில் உள்ள ஓர் இரசாயனத்தைச் சேர்க்கிறார்கள்; அது பிள்ளைத் தோலைக் கொப்பளிக்கச் செய்து தழும்பை விட்டுப்போகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடசாலை விழாவில் ஐந்து வயதுக் கண்ணன் ஒருவனுக்கு ஓவியப் பாடத்துக்கு வைத்திருந்த நீல வண்ணத்தையே முகத்திற் பூசிவிட்டார்கள். போத்தலில் 'நச்சற்றது' என்று எழுதியிருந்தது. அந்தச் சொல் தாளில் தீட்டும் பிள்ளை தவறி வாயில் வைத்தால் ஆபத்தில்லை என்பதற்கு எழுதப்படுவது. முகத்தில் மணிக்கணக்காகக் காயவிடுவதற்கு அல்ல. பரிசு வாங்கும்போதே அவன் கன்னம் தடித்துச் சிவந்திருந்தது. அழுதான். கண்ணனுக்கு வெண்ணெய் கிடைக்கவில்லை என்று சபை சிரித்தது. நான் அந்தச் சபையில் இருந்தேன். சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

சென்ற ஆனியில் நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தபோது உறவினர் வீட்டில் ஒரு பிறந்தநாள். பிள்ளை ரொறன்ரோவிற் பிறந்தது, நான்கு வயது. காலையில் அமுதசுரபியில் அன்னதானம், பின்னேரம் வீட்டில் கேக். யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம்பெண்ணை முகத்துக்கு வண்ணம் தீட்ட அழைத்திருந்தார்கள். சித்திரம் படித்த பிள்ளை. கடற்பயணத்தில் நனையாமல் இருக்கத் தன் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் வரலாறு எழுதும் ஆசையோடு பக்கத்திற் கதிரை போட்டு இருந்துவிட்டேன்.

வேலையைத் தொடங்க முதல் ஒவ்வொரு பிள்ளையின் முழங்கையின் உட்புறத்திலும் ஒரு புள்ளி வைத்தாள். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிள்ளைக்குப் பிள்ளை பஞ்சை மாற்றினாள். மூக்குச் சளி உள்ள ஒருவனுக்கும் உதட்டோரம் புண் உள்ள ஒருத்திக்கும் முகத்தில் எழுதாமல் கையிலே எழுதிக் கொடுத்தாள். கண் இமைக்குக் கிட்டப் போகவேயில்லை. 'இதெல்லாம் எங்கை படிச்சனீர் பிள்ளை?' என்று கேட்டேன். 'அப்பப்பா கூத்துக்கு ஒப்பனை செய்தவர் சேர். எண்ணெய் பூசாமல் வர்ணம் தொடக்கூடாதெண்டு சொல்லுவார். மிச்சம் போனிலை பாத்தது' என்றாள்.

பிறந்தநாட்காரி வண்ணத்துப்பூச்சி கேட்டாள். இரண்டு கன்னத்திலும் நீலமும் ஊதாவுமாகச் சிறகு விரிந்தது. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு அவள் உள்ளே ஓட, தாழ்வாரத்தில் இருந்த பூட்டி மறித்தாள். மடியிலிருந்த சிரட்டையில் விரலைத் தேய்த்து, சிறகுக்குக் கீழே, தாடையோரம், ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாள். தாய் 'ஐயோ அம்மம்மா, கீறினது பழுதாப் போகுதணை' என்றாள். வண்ணம் தீட்டிய பெண் வந்து பார்த்துவிட்டு அதை அழிக்கவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு சிறு கறுப்புப் புள்ளிகளை வைத்துச் சிறகின் கரையோடு சேர்த்துவிட்டாள்.

வரிசையில் கடைசியாக நின்ற ஒரு பெடியன், ஆறு வயதிருக்கும், கதிரையில் இருத்தியதும் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். 'எல்லாப் பிள்ளையளும் பூசினவை, உனக்கு மட்டும் என்ன?' என்று தாய் கையை விலக்கப் பார்த்தாள்.

'வேண்டாமெண்டால் விடுங்கோ அக்கா' என்றாள் அந்தப் பெண். 'தம்பி, நீங்கள் எனக்குக் கண்ணாடி பிடிக்கிறீங்களா?'

அவன் கையை எடுத்தான். வள்ளத்துக்கு நேரமாகும் வரை, தேங்காயெண்ணெயில் முகம் துடைக்க வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவன்தான் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தான்.